சோல்பரி யாப்பு ஏன் கைவிடப்பட்டது? – திருகோணமலைத் துறையிலிருந்து ஒரு நோக்கு

திருகோணமலை நகரில் உவர்மலை எனவும் ஓர்ஸ் ஹில் எனவும் வழங்கும் மேட்டு நிலத்தில் நின்று நோக்குவார்க்கு உள்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு அகன்று தோன்றும். இந்நீர்ப்பரப்பின் பொருட்டுக் கடல்கடந்து வந்த அரசுகள் பல. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே இத்துறை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரெனின் கைக்கும் மாறிற்று. 1795 இல் மீண்டும் வந்த பிரித்தானியர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கு நிலைபெற்றனர். இரண்டாம் உலகப் போரிலே, 1942 ஏப்ரல் 9 ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் இத்துறையின் மீதேயாகும்.

1948 பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. கொழும்பிற் கொடி மாறிற்று. திருகோணமலைக் கடற்படைத் தளத்திலோ பிரித்தானியக் கொடியே தொடர்ந்து பறந்தது. இதற்கு இடமளித்தது 1947 நவம்பர் 11 ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையாகும். சுதந்திரம் என்பது யாது, அது எவருக்கு வாய்த்தது என்னும் வினாவைத் துறைமுக நகரத்து மக்கள் நூல்களிற் படித்து அறியவேண்டிய நிலை இருக்கவில்லை. அவ்வினா அவர்தம் கண்ணெதிரே நங்கூரமிட்டு நின்றது.

சுதந்திர இலங்கையின் முதல் அரசியல் யாப்பாகிய சோல்பரி யாப்பு இருபத்து நான்கு ஆண்டுகள் நடைமுறையில் இருந்து, 1972 மே 22 ஆம் நாள் நீங்கியது. அது ஏன் நீக்கப்பட்டது என வினவின், அந்நியர் அளித்த யாப்பை அகற்றிச் சுதேச யாப்பொன்றை நாடு தனக்கு ஆக்கிக்கொண்டது என்பதே பொதுவாகக் கூறப்படும் விடையாகும். இவ்விடையில் உண்மை உண்டு. ஆயின் அது முழு உண்மை அன்று. அந்நியத் தளையை நீக்குதல், உள்நாட்டுப் பெரும்பான்மையின் கைகளைக் கட்டியிருந்த கட்டுகளை அவிழ்த்தல் என்னும் இரு வேறு நோக்கங்கள் 1972 இல் ஒரே செயலாக நிறைவேறின. முன்னையது நாடு முழுவதற்கும் பொதுவான வேட்கை. பின்னையது அவ்வாறன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதற்குத் திருகோணமலையின் வரலாறு பெரிதும் துணைபுரிகின்றது.

யாப்பின் பிறப்பு

சோல்பரி யாப்பு அந்நியர் கையால் எழுதப்பட்டது என்னும் கருத்து ஆராய்வுக்குரியது. 1944 இல் டி. எஸ். சேனநாயக்காவின் தலைமையிலான அமைச்சர் குழு யாப்பு வரைவொன்றை ஆக்கிற்று. அதன் ஆக்கத்திற் பெருந்துணை புரிந்தவர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய ஐவர் ஜெனிங்ஸ் ஆவார். அவ்வாண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த சோல்பரிப் பிரபுவும் ஏனைய இரு ஆணையாளரும் தம் அறிக்கையிற் பெரும்பாலும் அவ்வரைவையே தழுவினர். ஆகவே, யாப்பின் வாசகம் கொழும்பிற் பிறந்தது. அதற்குச் சட்ட வலு அளித்த அதிகாரமோ இலண்டனிற் பிறந்தது. 1946 மே மாதத்திற் பிரித்தானிய முடியின் கட்டளையாகவே அது வெளிவந்தது.

ஆணைக்குழுவின் முன் எழுந்த பெரும் பிரச்சினை சிறுபான்மையினரின் காப்புப் பற்றியது. ஜி. ஜி. பொன்னம்பலம் முன்வைத்த சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை ஆணைக்குழு ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக அமைந்த ஏற்பாடுகள் சில. ஒவ்வோர் 75,000 மக்களுக்கும் ஓர் உறுப்பினர் என்பதோடு, ஒவ்வோர் 1,000 சதுர மைலுக்கும் மேலதிகமாக ஓர் உறுப்பினர் என விதிக்கப்பட்டமையால், மக்கள் செறிவு குறைந்த வடக்கு கிழக்கு மாகாணங்கள் ஓரளவு கூடிய இடங்களைப் பெற்றன. தேர்ந்தெடுக்கப்படுவோர் 95 பேர், நியமிக்கப்படுவோர் 6 பேர் என 101 உறுப்பினரைக் கொண்ட பிரதிநிதிகள் சபைக்கு மேலாக, 30 உறுப்பினரைக் கொண்ட மூதவை ஒன்றும் அமைந்தது. பொதுச்சேவைக்கும் நீதிச்சேவைக்கும் தனித்தனி ஆணைக்குழுக்கள் ஏற்பட்டன. உச்ச மேன்முறையீடு பிரிவிக் கவுன்சில் எனப்பட்ட கோமறைக் கழகத்திடம் இருந்தது.

இவை யாவற்றினும் சிறப்புடையது 29 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. எச்சமயத்தின் வழிபாட்டுரிமையையும் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது. ஓரினத்தவர் அல்லது ஒரு சமயத்தவர்மீது ஏனையோர்க்கு இல்லாத இடர்ப்பாட்டைச் சுமத்தலாகாது. ஏனையோர்க்கு இல்லாத சலுகையை அவர்க்கு வழங்கவும் ஆகாது என்பன அதன் சாரம். இவற்றை மீறும் சட்டம், மீறிய அளவிற்குச் செல்லாததாகும் என அதனை அடுத்த உட்பிரிவு கூறிற்று.

1945 நவம்பரில் அரசாங்க சபை பிரித்தானிய வெள்ளை அறிக்கையை 51 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்தவை மூன்று வாக்குகளே. சபையில் அன்று இருந்த இலங்கைத் தமிழ் உறுப்பினரும் ஆதரவாக வாக்களித்தனர். அந்நிய முடியின் பெயரால் வந்த யாப்பு நாட்டின் பல்வேறு இனத்தாரின் பிரதிநிதிகளிடமிருந்து பரந்த இசைவைப் பெற்றிருந்தது என்னும் இச்செய்தி, பின்னர் நிகழ்ந்தவற்றை மதிப்பிடுங்கால் மறக்கத்தகாதது.

ஆயினும் அந்த இசைவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும், அடுத்த ஆண்டில் வந்த சட்டங்களாலும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதியினர் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 29 ஆம் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. சட்டத்தின் வாசகம் எவ்வினத்தையும் பெயர் சுட்டி ஒதுக்கவில்லை என்பதனால், 1953 இல் கோமறைக் கழகமும் அதனைச் செல்லுபடியாகும் எனவே தீர்த்தது. ஆகவே, சோல்பரி யாப்பைச் சிறுபான்மையினரின் அரணாகப் போற்றிப் புகழ்தற்கு இடமில்லை. அரணில் ஓட்டை உண்டென்பது அது கட்டப்பட்ட சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது.

துறைமுகம் கூறும் சான்று

இனி, முதல் நோக்கமாகிய அந்நியத் தளை நீக்கத்தைக் கருதலாம். 1948 இன் சுதந்திரம் போலியானது என இடதுசாரிகள் அன்றே கூறினர். லங்கா சமசமாசக் கட்சி சுதந்திர விழாக்களிற் கலந்துகொள்ள மறுத்தது. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் இருந்த தளங்களே இக்கூற்றுக்குக் கண்கூடான சான்றாயின. அரசியின் பெயரால் ஆட்சி, மகாதேசாதிபதி பதவி, இலண்டனில் இறுதி நீதிமன்றம் என்பனவும் இச்சான்றோடு சேர்ந்தன.

1956 இற் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தளங்களை மீட்பதில் முனைந்தார். 1957 ஒக்ரோபர் 15 ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் 1 ஆம் நாள் கட்டுநாயக்கா விமானத் தளமும் ஒப்படைக்கப்பட்டது. தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு இம்மாற்றம் வேலையிழப்பையும் கொணர்ந்தது. எனினும், 1795 முதல் இத்துறையில் நிலைபெற்ற பிரித்தானியக் கடற்படை ஒரு துப்பாக்கிச் சூடுமின்றி அகன்றமை பெரிய நிகழ்ச்சியே. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் மட்டும் அக்காலத்தின் எச்சங்களாகக் காடு சூழ நின்றன.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இம்மீட்பிற்காகச் சோல்பரி யாப்பின் ஓர் எழுத்தையேனும் மாற்றவேண்டிய தேவை எழவில்லை. பிரதமர் பேச்சுவார்த்தை நடத்தினார். பிரித்தானிய அரசு இணங்கிற்று. அவ்வாறே குடியரசாவதற்கும் புறத்தடை ஏதும் இருக்கவில்லை. இலங்கை குடியரசான பின்னரும் பொதுநலவாயத்தில் உறுப்புரிமை வகிக்கலாம் என 1956 ஆம் ஆண்டின் பொதுநலவாயப் பிரதமர் மாநாடு ஏற்றுக்கொண்டது. இந்தியா 1950 இலேயே அவ்வழியைக் காட்டியிருந்தது. யாப்பைத் திருத்துவதற்குப் பிரதிநிதிகள் சபையின் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு போதும் என 29 ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு கூறிற்று. முடியை நீக்குவதில் முக்கிய கட்சிகளுக்கிடையே பெரும் பிணக்கு இருக்கவுமில்லை. ஆகவே, அந்நியத் தளையை அறுப்பது ஒன்றே நோக்கமாயின், பழைய யாப்பைத் திருத்தியே அதனை நிறைவேற்றியிருக்கலாம்.

தளம் மீளுவதற்கு ஓராண்டின் முன், அதே நகரில் வேறொரு வினாவும் எழுப்பப்பட்டது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அது சாதாரணச் சட்டமாகவே நிறைவேறிற்று. இதனை அடுத்து அவ்வாண்டு ஆகஸ்டிலே தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. கூட்டாட்சி யாப்பு, தமிழ் மொழிக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குப் பிரசாவுரிமை, தமிழ் பேசும் பகுதிகளில் அரசு நடத்தும் குடியேற்றத்தை நிறுத்துதல் என நான்கு கோரிக்கைகளை அம்மாநாடு முன்வைத்தது. இறுதியாகக் கூறப்பட்டது, கந்தளாய், அல்லை முதலான குடியேற்றத் திட்டங்களைத் தன் எல்லைக்குட் கொண்ட திருகோணமலை மாவட்டத்தை நேரே தாக்கியது.

அந்நியரிடமிருந்து அதிகாரம் மீளுமா என்பது 1957 இன் வினா. மீண்ட அதிகாரத்தில் எவர் எவருக்குப் பங்கு என்பது 1956 இன் வினா. முன்னையதற்கு ஒப்படைப்பு விழாவுடன் விடை கிடைத்தது. பின்னையதற்கு 1957 ஜூலையில் எழுந்த பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் ஒரு விடையளிக்க முயன்று, அடுத்த ஆண்டு ஏப்ரலிற் கைவிடப்பட்டது.

நீதிமன்றங்களும் 29 ஆம் பிரிவும்

அறுபதுகளிற் சோல்பரி யாப்பின் உட்கட்டுகள் புதிய வலுவுடன் வெளிப்பட்டன. அவற்றை வெளிப்படுத்தியவை வழக்குகளே. 1964 இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்னும் வழக்கிலே, நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாத நியாயசபை ஒன்றின் தீர்ப்புச் செல்லாது எனக் கோமறைக் கழகம் தீர்த்தது. அத்தீர்ப்பின் போக்கிலே, 29 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பற்றியும் நீதிபதிகள் கருத்துக் கூறினர். இலங்கையின் குடிமக்கள் தம்முள் யாப்பை ஏற்றுக்கொண்டமைக்கு அடிப்படையான உரிமைச் சமநிலை அது. ஆதலின் மாற்றொணாதது என்பது அக்கருத்தின் பொருள். வழக்கின் தீர்ப்புக்கு அக்கருத்து இன்றியமையாததன்று. சட்டத்தின் நோக்கிற் கட்டுப்படுத்தும் வலு அதற்கில்லை. ஆயினும் அரசியலில் அது பேரதிர்வை விளைத்தது. மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு பெற்ற அரசாங்கமும் தொடமுடியாத பகுதியொன்று யாப்பில் உண்டென்றும், அதனைக் காக்கும் பொறுப்பு இலண்டனிலுள்ள நீதிமன்றத்திடம் உண்டென்றும் அது பொருள்பட்டது.

1965 டிசம்பரில் லியனகே வழக்கு இதனை மேலும் வலியுறுத்திற்று. 1962 ஜனவரியில் நடைபெற்ற இராணுவச் சதி முயற்சியிற் குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட சட்டம், நீதித்துறையின் அதிகாரத்திற் குறுக்கிடுவது எனக் கூறிக் கோமறைக் கழகம் தண்டனைகளை நீக்கியது. பாராளுமன்றத்தின் விருப்பத்திற்கு எல்லை உண்டென்பது மீண்டும் உறுதியாயிற்று.

இவற்றின் உச்சமாக அமைந்தது கோடீஸ்வரன் வழக்கு. அரசாங்க எழுதுவினைஞராகிய கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் 1962 இற் சம்பள உயர்வு மறுக்கப்பட்டார். அரசகரும மொழிச் சட்டமே 29 ஆம் பிரிவுக்கு முரணானது என அவர் வழக்குத் தொடர்ந்தார். 1964 இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்திற்காக வழக்காட உரிமையற்றவர் எனக் கூறி 1967 இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்பதை அது தீர்க்கவில்லை. 1969 டிசம்பரிற் கோமறைக் கழகம், அவர் வழக்காடலாம் எனத் தீர்த்து, மொழிச் சட்டம் பற்றிய வினாவை உயர் நீதிமன்றமே ஆராய்க எனத் திருப்பி அனுப்பியது.

ஒரு கணம் இந்நிலையை எண்ணிப் பார்த்தல் தகும். 1956 முதல் நாட்டைப் பிளந்து நின்ற சட்டம் செல்லுமா செல்லாதா என்பதை நீதிமன்றம் ஒன்று எந்நாளிலேனும் தீர்க்கவேண்டியிருந்தது. தீர்ப்பு எவ்வாறு அமையும் என்பதை எவரும் கூறவியலாது. ஐந்து மாதங்களின் பின் பொதுத் தேர்தல் வந்தது. அவ்வினாவுக்கு எந்நாளும் விடை கிடைக்கவில்லை.

பெரும்பான்மை இருந்தும் புறத்தே சென்றமை

1970 மே 27 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில், சிறீ லங்கா சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாசக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியன இணைந்த ஐக்கிய முன்னணி, தேர்தல் நடைபெற்ற 151 இடங்களில் 116 இடங்களை வென்றது. நியமன உறுப்பினரையும் சேர்த்து 157 பேர் கொண்ட சபையில் இது மூன்றில் இரண்டு பங்கினும் மிகுதியாகும். ஆகவே, 29 ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு வகுத்த வழியிலே யாப்பைத் திருத்தும் ஆற்றல் அம்முன்னணிக்கு இருந்தது. இருந்தும் அவ்வழியை அது மேற்கொள்ளவில்லை. தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் அரசியல் நிர்ணய சபையாகவும் கூடிப் புதிய யாப்பை ஆக்குவர் எனத் தேர்தலிலே மக்களிடம் ஆணை கேட்டிருந்தது. 1970 ஜூலை 19 ஆம் நாள் உறுப்பினர்கள் பாராளுமன்றக் கட்டடத்திற் கூடாது, கொழும்பு றோயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபத்திற் கூடினர். இடமாற்றம் கருத்துடன் செய்யப்பட்டதே. பழைய யாப்பின் கீழ் அமைந்த பாராளுமன்றம் இதுவன்று என்பதை உலகிற்குக் காட்டுவது அதன் நோக்கம்.

இதற்குக் கூறப்பட்ட கொள்கைக் காரணம் வலுவுடையது. பழைய யாப்பின் வழியே புதியது பிறப்பின், அதன் வேரும் பிரித்தானிய முடியின் கட்டளையிலேயே இருக்கும். மக்களின் இறைமையில் வேரூன்றிய யாப்பு வேண்டுமாயின் சட்டத் தொடர்ச்சியை அறுத்தல் வேண்டும். பிற நாடுகளும் இவ்வாறு செய்ததுண்டு. 1922 ஆம் ஆண்டின் யாப்பை 1937 இல் மாற்றிய அயர்லாந்து, புதியதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. இந்தியாவின் அரசியல் நிர்ணய சபை தன் யாப்பின் இறுதி உறுப்புரையால், பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்தையே நீக்கிற்று. இலங்கை இவ்வகையிற் புதுமை எதனையும் செய்யவில்லை. காலந்தாழ்த்திச் செய்தது எனலாம்.

ஆயினும் கொள்கைக் காரணத்தோடு நடைமுறைக் காரணமும் பிணைந்திருந்தது. பழைய யாப்பின் வழியே சென்றிருப்பின், கோமறைக் கழகம் மாற்றொணாதது எனக் கூறிய பகுதி குறுக்கே நின்றிருக்கும். புதிய யாப்பும் நீதிமன்றத்தின் ஆராய்வுக்கு உட்பட்டிருக்கும். சட்டத் தொடர்ச்சியை அறுத்தமை அந்நிய முடியையும் 29 ஆம் பிரிவையும் ஒரே வெட்டில் வீழ்த்திற்று. 1971 ஒக்ரோபர் 2 ஆம் நாள் மூதவை ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கோமறைக் கழகத்திற்கான மேன்முறையீடும் நிறுத்தப்பட்டது. பெரும்பான்மையின் வேகத்தை ஓரளவேனும் தணிக்கக்கூடிய அமைப்புகள் புதிய யாப்பு வருமுன்னரே அகன்றன.

தமிழரசுக் கட்சி தொடக்கத்தில் இச்சபையைப் புறக்கணிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எஸ். ஜே. வி. செல்வநாயகமும் அவர்தம் கட்சியினரும் சபையிற் பங்குபற்றினர். கூட்டாட்சி யாப்பிற்கான தம் வரைவையும் அளித்தனர். இலங்கை ஒற்றையாட்சி அரசு என்னும் அடிப்படைத் தீர்மானத்திற்கு உடுவில் உறுப்பினர் வி. தர்மலிங்கம் 1971 மார்ச்சிற் கொணர்ந்த கூட்டாட்சித் திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. அடுத்த மாதம் தென்னிலங்கையில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அதன் பின் யாப்பின் ஆக்கம் அவசரகால நிலையின் நிழலிலேயே நடைபெற்றது. மொழி பற்றிய திருத்தங்களும் மறுக்கப்பட்டபோது, 1971 ஜூனின் இறுதியில் தமிழரசுக் கட்சி சபையை விட்டு வெளியேறிற்று.

யாப்பை ஆக்கும் பொறுப்பை ஏற்றிருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா ஆவார். இரு மொழிகள் எனின் ஒரு நாடு, ஒரு மொழி எனின் இரு நாடுகள் என்னும் கருத்துப்பட 1956 இற் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் அவரே. அவர் வரைந்த யாப்பிலே அன்று அவர் எதிர்த்த மொழிச் சட்டம் யாப்பின் உறுப்பாயிற்று. இதனைத் தனிமனிதரின் வீழ்ச்சியாக மட்டும் காண்பது வரலாற்று நோக்காகாது. பெரும்பான்மையினரின் உணர்வைப் பகைத்துக்கொண்டு தேர்தலில் வெல்ல இயலாது என அறுபதுகளில் இடதுசாரி இயக்கம் கண்ட முடிபின் விளைவு அது.

1972 இன் யாப்பும் திருகோணமலையின் மறுமொழியும்

1972 மே 22 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை 119 வாக்குகளால், 16 வாக்குகள் எதிர்க்க, புதிய யாப்பை ஏற்றது. இலங்கை ஸ்ரீ லங்கா என்னும் பெயருடன் குடியரசாயிற்று. இறுதி மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவ முதற் சனாதிபதியானார். இந்நாட்டின் யாப்பிலே முதன்முறையாக அடிப்படை உரிமைகள் இடம்பெற்றமை நன்றியுடன் குறிப்பிடத்தக்கது. சோல்பரி யாப்பில் அவ்வாறானதோர் அத்தியாயம் இருக்கவில்லை.

ஆயின் அவ்வுரிமைகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்த விரிவான இடமும் வைக்கப்பட்டது. நடைமுறைக்கு வந்த சட்டத்தை எந்நீதிமன்றமும் செல்லாது எனத் தீர்க்க இயலாதாயிற்று. மசோதாக்களை மட்டும் ஆராய்வதற்கு ஐவர் கொண்ட அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்பட்டது; அவசர மசோதாவாயின் அதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் 24 மணிநேரமே. தேசிய அரசுப் பேரவை அரச அதிகாரத்தின் அதியுயர் கருவி எனப்பட்டது. நாடு ஒற்றையாட்சி அரசு எனவும், பௌத்த சமயத்திற்கு முதன்மையான இடம் உண்டெனவும், சிங்களமே அரசகரும மொழி எனவும் யாப்பு கூறிற்று. தமிழின் பயன்பாடு 1958 ஆம் ஆண்டின் சாதாரணச் சட்டமொன்றின் வழியே அமையும் என விடப்பட்டது. 29 ஆம் பிரிவை ஒத்த ஏற்பாடு எங்கும் இல்லை. கோடீஸ்வரன் எழுப்பிய வினா விடை பெறாமலே பொருளற்றதாயிற்று. அயர்லாந்தைப் போலப் புதிய யாப்பு மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்படவுமில்லை.

யாப்பு நிறைவேறுவதற்கு எட்டு நாள் முன்னர், 1972 மே 14 ஆம் நாள், தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆகியன ஒன்றுகூடித் தமிழர் கூட்டணியை நிறுவின. அக்கூட்டம் நடைபெற்ற இடம் திருகோணமலை. நெடுங்காலம் தம்முட் பகைத்து நின்ற வடக்கு கிழக்குக் கட்சிகளையும் மலையகத் தொழிலாளர் அமைப்பையும் ஒரே மேடைக்குக் கொணர்ந்தது புதிய யாப்பே எனின் மிகையாகாது. 1956 இன் நான்கு கோரிக்கைகள் எழுந்த அதே நகரிற் பதினாறு ஆண்டுகளின் பின் இது நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரிற் செல்வநாயகம் தம் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, யாப்பை மக்கள் ஏற்கின்றனரா என இடைத்தேர்தலால் அறியுமாறு அறைகூவினார். தேர்தல் 1975 பெப்ரவரி வரை பின்போடப்பட்டது. அவர் வெற்றி பெற்றார். 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டையிற் கூட்டாட்சிக் கோரிக்கை தனியரசுக் கோரிக்கையாக மாறிற்று.

1972 இன் யாப்பு ஆறாண்டுகளே வாழ்ந்தது. 1977 இல் ஆறில் ஐந்து பங்கு இடங்களை வென்ற ஐக்கிய தேசியக் கட்சி, 1978 செப்ரெம்பர் 7 ஆம் நாள் வேறொரு யாப்பை நடைமுறைக்குக் கொணர்ந்தது. பெரும்பான்மையின் கையில் அதிகாரம் முழுவதையும் குவித்த யாப்பு, அடுத்த பெரும்பான்மையின் கையாலேயே நீங்கிற்று. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்பது 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் ஏற்கப்பட்டது. அத்திருத்தத்தின் கீழ் அமைந்த வடக்கு கிழக்கு மாகாண சபை தன் தலைநகராகக் கொண்டதும் திருகோணமலையையே. அதற்குள் நாடு போரினுள் ஆழ்ந்திருந்தது. 1956 இல் மாநாட்டு மேடையிற் கேட்கப்பட்டதன் ஒரு பகுதி, முப்பத்தோர் ஆண்டுகளின் பின் பெருவிலை கொடுத்துப் பெறப்பட்டது.

முடிபு

சோல்பரி யாப்பு ஏன் கைவிடப்பட்டது என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். அதன் அதிகாரம் அந்நிய மண்ணிற் பிறந்ததென்பது ஒரு காரணம். அக்குறை உண்மையானது, நீக்கத்தக்கது. அது பெரும்பான்மையின் அதிகாரத்திற்கு எல்லை வகுத்தது என்பது மற்றைய காரணம். அவ்வெல்லை அறுபதுகளில் நீதிமன்றங்களின் வாயிலாகப் பல்லும் நகமும் பெறத் தொடங்கிய வேளையிலேயே அது நீக்கப்பட்டது. முதற்காரணத்தின் நியாயம் இரண்டாவதற்குப் போர்வையாயிற்று.

1946 இன் யாப்பு வெளியிலிருந்து வந்தது. எனினும் பல இனத்தாரின் பிரதிநிதிகள் அதற்கு இசைந்தனர். 1972 இன் யாப்பு உள்ளே பிறந்தது. எனினும் வடக்கு கிழக்குத் தமிழ் மக்களின் பிரதிநிதிகளிற் பெரும்பாலோர் அதற்கு இசையவில்லை. யாப்பொன்று சுதேசியமானதா என்பதை அளப்பதற்கு அது எழுதப்பட்ட மண்டபம் அளவுகோலாகாது. அதன் கீழ் வாழவேண்டியவர் அனைவரும் அதனைத் தமதென ஏற்றனரா என்பதே அளவுகோல். நவரங்கஹலவிற் கூடியோர் முடியின் கட்டளைக்குப் பதிலாக மக்களின் இறைமையை வைக்க விழைந்தனர். மக்கள் என்னும் சொல்லுள் அடங்குவோர் யாவர் என்னும் வினாவை எண்ணிக்கையாற் தீர்த்தனர்.

1957 இல் உள்துறைமுகத்திலிருந்து அந்நியக் கப்பல்கள் அகன்றதை உவர்மலையில் வாழ்ந்தோர் கண்டனர். இனம், மொழி, சமயம் என்னும் வேறுபாடின்றி நாட்டவர் அனைவரும் தமதெனக் கொள்ளத்தக்க வெற்றி அது. பதினைந்து ஆண்டுகளின் பின் வந்த குடியரசும் அத்தகைய வெற்றியாக அமைந்திருக்கலாம். அமையாமற் போனமைக்குக் காரணம் இலண்டனில் இல்லை; இந்நாட்டினுள்ளேயே உள்ளது. அதனை ஆராய்ந்து தெளிதல், இனி ஒரு யாப்பு ஆக்கப்படுமாயின், அதனை ஆக்குவோர்க்கும் ஏற்போர்க்கும் உரிய முதற் கடமையாகும்.